முழு மார்க் வாங்கிய குற்றம்

போன ஜூன் மாசம் பாகூர் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆணை வந்தது. இனி வகுப்பைப் பார்த்துக் கணக்கு சொல்லித்தரக் கூடாதாம். பரீட்சை வைத்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமாம். நல்ல யோசனைதானே என்று நானும் கை தட்டினேன், புத்தி கெட்டவன்.

அஞ்சாவது படிக்கும் என் மகள் ரோஸ்லின் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுத் தொலைத்தாள். மறுநாளே எனக்கு அழைப்பு. படிநிலை நிர்ணய அலுவலர் அரங்கநாதன் எழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மரியதாஸ், உன் பொண்ணு நூத்துக்கு நூறு."

"சந்தோஷம் சார்."

"இன்னாய்யா சந்தோஷம்? வருசக் கடைசியில திரும்ப இதே பரீட்சை. எவ்ளோ ஏறியிருக்குன்னுதான் மேலிடத்துல பார்ப்பாங்க. இவ இனிமே எங்க போய் ஏறுவா?"

"பின்னம் கத்துக்கணும்னு ஆசைப்படுறா சார். ரெண்டு பரோட்டாவை மூணு பேருக்கு எப்படிப் பிரிக்கிறதுன்னு கேட்டு உயிரை எடுக்குறா."

"பரீட்சையில பின்னமே இல்லியே! அத கத்துக்கிட்டு இன்னா பண்றது?"

பக்கத்து வீட்டு வீரமணி மகன் பூஜ்யம் வாங்கியிருந்தான். "வளர்ச்சிக்கு அபாரமான வாய்ப்புள்ள மாணவன்" என்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார் அலுவலர்.

மார்ச் வந்தது. வீரமணி மகன் நாற்பது வாங்கினான், மெடல் குத்தினார்கள். ரோஸ்லின் மறுபடியும் நூறு. வளர்ச்சி: பூஜ்யம். வளர்ச்சியில்லாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு உண்டாம். என் தங்கம் அங்கே உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணுகிறாள்.

ஊர் சும்மா இருக்குமா? முதல் பரீட்சையில் தப்பாக எழுதப் பயிற்சி கொடுக்கிறோம் என்று கடைத்தெருவில் ஒரு டியூஷன் சென்டர் முளைத்தது. ரோஸ்லினைக் கூட்டிப் போனேன். அங்கேயும் முதலில் பரீட்சை! அவள் ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லை.

"ரொம்ப வீக்கு சார். அடிப்படையிலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று உதட்டைப் பிதுக்கினாள் சென்டர் நடத்தும் செல்வகுமாரி. "பெத்தவங்களுக்கும் டெஸ்ட் உண்டு, நீங்களும் எழுதுங்க."

ரோஷம் வந்து, மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதினேன்.

ஒன்றுகூடச் சரியில்லையாம்; உச்சப் படியில் போட்டுவிட்டார்கள். இப்போது சாயங்காலத்தில் அந்த சென்டருக்கு நான்தான் வாத்தியார். அரங்கநாதன் சாரே தன் பையனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, "நீங்க சொல்லித் தந்தா தப்பு கண்டிப்பா வருங்க" என்று கும்பிட்டார்.

வகுப்பில் முதல் பெஞ்சில் ரோஸ்லின். "அப்பா, அந்த ரெண்டு பரோட்டா, மூணு பேரு?" என்றாள்.

ஆளுக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுத்தேன்.