காலர்ச்சாமியின் ஊதாச் சட்டை

மதுரையில் சாமிகளுக்குப் பஞ்சமில்லை. போதாக்குறைக்குப் பழங்காநத்தத்தில் காலர்ச்சாமி வேறு முளைத்தார். அவருக்கு ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். போட்டு அழுக்கான சட்டையின் காலரை முகர்ந்து பார்ப்பார். மேலதிகாரியின் கோபம், இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் அந்த வியர்வையில் தெரியுமாம். பரிகாரமும் கையோடு உண்டு: மந்திரித்த ஊதாச் சட்டை. விலை கொஞ்சம் கூடத்தான். அருள் என்ன ரேஷன் கடையிலா கிடைக்கிறது? நிபந்தனை ஒன்றே ஒன்று. காரியம் கைகூடும்வரை அதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

ஞாயிறு விடிந்தால் பெல்பாட்டம் பேண்ட்டுகள் அழுக்குச் சட்டையும் கையுமாக வரிசையில் நிற்கும். படிப்பு ஏற ஏற, முண்டியடிக்கும் வேகமும் ஏறியது.

நல்லகாமனும் ஓர் ஊதாச் சட்டை வாங்கினான். அவன் வம்சத்தில் முதன்முதலாகப் பேண்ட் போட்டவன் அவன்தான். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. வரும் திங்கட்கிழமை இன்டர்வியூ. மேனேஜர் ஹாலாஸ்யம் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி ஊரில் ஏர் பிடிக்க வேண்டியதுதான். பயம் வந்த இடத்தில் புத்தி தங்குமா? சித்திரை வெயிலில் அதே சட்டையை நாள் தவறாமல் மாட்டினான். முதுகெல்லாம் ஊதா இறங்கியபோது, அருள் உடம்பில் ஊறுகிறது என்றார் சாமி. பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அதுவும் மகிமைதான்!

மனைவி அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இம்புட்டு நாத்தத்தோட போனா எந்த மேனேசரு ஒங்கள வச்சுக்குவாரு?"

"நாத்தமில்ல அன்னம், சக்தி!"

"அந்தச் சக்திய நானும் பாக்குறேன். வாங்க, நானும் வாரேன்."

ஞாயிறன்று போகிற வழியில், தெரிந்த துணிக்கடையில் நின்ற பொம்மையின் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாமியின் முன்னால் அதை நீட்டினாள்.

"எங்கண்ணன் சட்டை, சாமி."

சாமி கண்ணை மூடினார், முகர்ந்தார், உச்சுக்கொட்டினார். "பாவம், பொண்டாட்டி வாய்க்குப் பயந்தவரு. தூக்கமில்ல. வயித்துல எரிச்சல். மேலதிகாரி கண்ணு பட்டிருக்கு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது துணிக்கடைப் பொம்ம போட்டிருந்த சட்டை, சாமி. அதுக்குத் தலையே கெடையாது. எங்கிட்டு இருந்து தூங்கும்?"

பக்தன் என்றால் லேசுப்பட்டவனா? "பொம்மைக்கும் சனி உண்டு தாயி!" என்று எம்.ஏ. படித்த ஒருவர் எடுத்துக்கொடுத்தார். "உண்டு, உண்டு!" என்று சாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்னக்கொடி புருஷன் பக்கம் திரும்பினாள். "சட்டையக் கழட்டுங்க."

நல்லகாமனின் விரல் பித்தான் வரை போய் நின்றது. போனால் போவது வேலையாயிற்றே! ஆனால் தலையில்லாத பொம்மைக்குத் தூக்கமில்லை என்று சொன்ன வாயை எப்படி நம்புவது? கழற்றிக் கொடுத்துவிட்டான். கால் கழுவ வைத்திருந்த வாளியில் அதை முக்கினாள்.

"ஐயோ, தெய்வக்குத்தம்!" என்று சாமி பாய்ந்தார். வாளி கவிழ்ந்து, மந்திரம் முழுவதும் அவருடைய வெள்ளை வேட்டியில் ஊதாவாக ஊற்றியது. அன்னக்கொடி கையில் சட்டை வெளுத்துத் தொங்கியது.

"சாயம் நிக்காத கழிசல் துணிடா மாப்ள!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் சூழ்ந்துகொள்வதற்குள் சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்.

திங்கட்கிழமை, துவைத்துத் தேய்த்த பழைய வெள்ளைச் சட்டையில் நல்லகாமன் உள்ளே போனான். நாற்காலியில் ஹாலாஸ்யம். உடம்பில் ஊதாச் சட்டை. கழுத்தெல்லாம் கத்தரிக்காய் நிறம்.

"ஏம்ப்பா, எல்லாரும் சாமி சட்டையில வரா. நோக்கு பக்தி இல்லையோ?"

நல்லகாமன் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். உள்ளதைச் சொன்னான்: "இருந்துச்சு சார். தண்ணில போட்டேன், போயிருச்சு."

ஹாலாஸ்யம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கைக்குட்டையில் ஒட்டிய ஊதாவைப் பார்த்தார். பிறகு ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டார். நல்லகாமன் தடுமாறாமல் பதில் சொன்னான். வேலை நிரந்தரமாயிற்று.

உடனே வெள்ளைச் சட்டை ராசி என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கும் ஒரு சாமி கடை விரித்துவிடுவான். காலருக்கு மேலே ஒன்றைச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறீர்களே ஐயா, அதையும் ஒருநாள் வேலைக்கு அனுப்பிப் பாருங்கள்!