அப்பா மூக்கு நுனியைப் பார்க்கிறார்

மைசூர்,
திங்கள் காலை

சன்னராயபட்டணம் கமலாக்ஷி அத்தைக்கு, சுமேதா காலில் விழுந்து எழுந்து எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீங்கள், மாமா, மாமாவின் தென்னைகள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

போன வாரம் நஞ்சன்கூடு கல்யாணப் பந்தியில், என் இலையில் இருந்த சிரோட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டே, "என்னடி, உங்கப்பா இன்னும் அப்படியேதான் குதிக்கிறாரா?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கார் அத்தை" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். சொல்லாமல் விட்டது இது: அப்பா இப்போது குதிப்பதில்லை. தலைகீழாக நிற்கிறார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அங்கே வாயைத் திறக்கவில்லை. போனில் சொன்னால் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ஆகவே கடிதம். இதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். அப்பா யோக சாலையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் நானே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு கௌரி பண்டிகையன்று மழையில் உங்கள் பஸ் தாமதமானதும், ராகு காலம் பிறந்துவிட்டது என்று அப்பா வாசலிலேயே நின்று, "இப்ப எதுக்கு வந்தே? அடுத்த கௌரிக்கே வந்திருக்கலாமே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியதும், பண்டிகைச் சீராக அண்ணன் வீட்டில் தரும் முறத்தை வாங்காமல் நீங்கள் அப்படியே திரும்பிப் போனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அன்றைக்கு ஏறிய ரத்த அழுத்தம் மாத்திரைக்கும் இறங்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போன இடத்தில் அப்பா பூங்காக் காவலாளியோடு சண்டை போட்டார். கடைசியில் அம்மாதான் கோகுலம் பேட்டையில் யோக சாலை நடத்தும் யமுனா மேடத்திடம் கொண்டுபோய் விட்டாள். மேடத்துக்கு என் வயதைவிட நாலைந்து கூட இருந்தால் அதிகம். அங்கே யாரும் யாருக்கும் கட்டளை போடுவதில்லை. வாசற்படியில் காத்திருக்க வேண்டும், உள்ளே ஓர் இடம் காலியானதும் "இன்னொருத்தர்!" என்று குரல் வரும், போய், தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தன் மூச்சின் வேகத்தில் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் நிலையத்தில் விசில் ஊதிப் பஸ்களை அனுப்பியவரால் இதை எப்படித் தாங்க முடியும்? ஒருத்தன் குனிகிறான், ஒருத்தி நிமிர்கிறாள், மூலையில் ஒருவர் கால் இரண்டையும் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் நாளே அப்பா எழுந்து நின்று, "இந்த வரிசை எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்று அதட்டியிருக்கிறார். வந்திருந்த வெள்ளைக்காரர்கள் யாரோ பெரிய குரு போலிருக்கிறது என்று நினைக்க, பாதிக் கூடம் கையைத் தூக்கிவிட்டது, அத்தை. இறக்கச் சொல்ல அப்பாவுக்கு ஆங்கிலம் வரவில்லை.

யமுனா மேடம் கோபித்துக்கொள்ளவில்லையாம். "சார், இங்க எல்லாரையும் பார்க்கிற வேலைக்கு நான் இருக்கேன். நீங்க உங்க மூச்சைப் பாருங்க, போதும்" என்று சொல்லி, சூரிய நமஸ்காரம் மட்டும் கொடுத்து, அதிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டார். அப்பா குமுறினார். "கை தரையைத் தொட்டாச்சு மேடம், அடுத்தது குடுங்க" என்பாராம். "தொட்டதைப் பார்த்தேன் சார். தொடும்போது நீங்க எங்க இருந்தீங்க?" "இங்கதாம்மா இருந்தேன்!" "இல்ல சார். ஜன்னல் பக்கத்துல இருக்கிறவர் காலைத் தப்பா வைக்கிறாரேன்னு அங்க இருந்தீங்க." வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குடி" என்று அம்மாவிடம் புலம்பினார். ஆனால் மறுநாள் விடிவதற்குள் குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்கு மறுநாளும். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு மூச்சு, கண் நிற்பதற்கு மூக்கு நுனி மாதிரி ஓர் இடம், மனம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வருவது. தலைகீழாக நிற்பது வரை வந்த பிறகும் இதைத்தான் இன்று வரை செய்கிறார். நான் மனத்தைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்தவள். படித்து முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும், மனம் மட்டும் ஆறாது. ஒரே குனிதலைத் தினமும் புதிதாகச் செய்கிற பொறுமை எந்தப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வரவில்லை. அதை அப்பா கற்றுக்கொண்டிருக்கிறார். உங்கள் அண்ணன், அத்தை!

பலன் முதலில் எதிர்வீட்டு குருபசப்பா மேல்தான் விழுந்தது. தன் ஸ்கூட்டரை நம் கேட்டை மறித்து நிறுத்துவதும் அதற்கு அப்பா கத்துவதும் அவருக்குக் காலை டிபன் மாதிரி. ஒருநாள் அப்பா கேட்டருகே போனார், வாயைத் திறந்தார், மூடினார், மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டு ஐந்து மூச்சு விட்டார், உள்ளே வந்துவிட்டார். இப்படியே ஒரு வாரம். எட்டாம் நாள் குருபசப்பா ஒரு டப்பா மைசூர் பாகோடு வந்து நின்றார். "ஸ்ரீகண்டய்யா சார், உடம்பு எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு. ஏன்?" "கண்ணு ரெண்டும் ஒண்ணா சேர்ந்து நிக்குது, பேச்சு மூச்சு இல்ல. பக்கவாதம்னு என் வீட்டுல சொல்றா. சார், ஒரே ஒரு தடவை திட்டிடுங்க. மனசே சரியில்ல எனக்கு." அப்பா சிரித்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தது அன்றுதான்.

இப்போது முக்கியமான விஷயம். போன மாதம் பெரிய மழையன்று குடை கொண்டுபோய்க் கொடுக்க யோக சாலைக்குப் போயிருந்தேன். கூடம் நிறைய ஆட்கள் இருந்தும் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அப்பா எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வரிசையில் படுத்திருந்தார். மூடிய கண்களின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துவிடுவாரோ என்று பயந்து தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வரும் வழியில் அவரே சொன்னார்: "மூச்சைப் பார்த்துட்டே இருந்தேம்மா. எங்கிருந்தோ கமலு வந்து நின்னா. நனைஞ்ச புடவையோட, கையில பூப்பந்தோட. அன்னைக்கு நான் அவ மூஞ்சியையே பார்க்கல. வாட்சைத்தான் பார்த்துட்டு இருந்தேன்." நான், "போய்க் கூப்பிடுங்களேன் அப்பா" என்றேன். "இன்னும் பழகணும். போய் நின்னு, அவ ஒரு வார்த்தை சொல்லி, நான் ரெண்டு சொல்லிட்டா? இந்தக் கௌரி வேண்டாம், அடுத்த கௌரிக்குப் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த கௌரி வரை என்னால் காத்திருக்க முடியாது, அத்தை. அம்மா போன வருஷம் போலவே இந்த வருஷமும் உங்களுக்கென்று ஒரு ஜோடி முறம் வாங்கி, மஞ்சள் பூசிக் காயவைத்துவிட்டாள். போன வருஷத்து ஜோடி கேட்பாரில்லாமல் பரண்மேல் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பண்டிகை. நீங்களாகவே வருவது போல வந்துவிடுங்கள். பஸ் தாமதமானாலும் பரவாயில்லை. அப்பா நிச்சயமாகக் கத்த மாட்டார். மூக்கைப் பார்ப்பார், நீங்கள் பயந்துவிடாதீர்கள். நான் கடிதம் எழுதியது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசியும், முடிந்தால் வரும்போது நாலு இளநீரும் வேண்டும்,
சுமேதா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். இன்று அமாவாசை. அமாவாசைக்கு யோக சாலை கிடையாது என்பது இந்தப் பேட்டையில் பால்காரருக்குக்கூடத் தெரியும். எனக்கு மறந்துவிட்டது. அப்பாவுக்கும் மறந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறார். "என் தங்கச்சியைக் கூப்பிட நீ யாருடி? லெட்டர் போட்டு வரவழைக்க அவ என்ன மூணாம் மனுஷியா?" என்று அவர் போட்ட கூச்சலில், குருபசப்பா துண்டோடு ஓடி வந்து, "சாருக்குக் குணமாயிடுச்சு!" என்று தன் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு அப்பா நின்றார். மூக்கு நுனியைப் பார்த்தார். ஐந்து மூச்சு. "கோபம் வரத்தான் வருது சுமி. ஆனா போகவும் போகுது, பார்த்தியா? இதுக்கு மேல அடுத்த வருஷம் மட்டும் என்ன வந்துடப் போகுது. முறம் எங்க?" என்றார்.

இரண்டு ஜோடி முறத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிக்க, குருபசப்பாவின் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். கைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.