சிரட்டையில் எரிந்த பல்ப்

இனிமேல் இந்த வீட்டில் என்னை ஒருவரும் உதவாக்கரை என்று சொல்ல முடியாது என்று ஜூன் மாதம் முடிவெடுத்தேன். ஒருவரும் என்றால் என் மனைவி அன்ரனெற்தான். மற்றவர்களுக்குச் சொல்ல அவள் இடம் வைப்பதில்லை.

போன மாரியில் உறைமழை பெய்து நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்று கம்பளிக்குள் இருந்தபடி, “உங்கட கராஜுக்குள்ள கிடக்கிற சாமானில ஒண்டாவது இப்ப உதவுதோ?” என்று கேட்டாள். என்ன அநியாயம்! பதினெட்டு வருடம் சேர்த்த மோட்டார்கள், குழாய்கள், ஒரு பழைய ஜெனரேட்டர். எல்லாம் குப்பையாம்.

அந்தக் கதை வளர்ந்து ஜூனில் பந்தயம் வைத்தோம். விறகிலிருந்து வாயு எடுத்து, ஜெனரேட்டரை ஓட்டி, ஒரு பல்பைப் பத்து நிமிடம் எரித்தால் கராஜ் எனக்கு. இல்லாவிட்டால் சாமானெல்லாம் குப்பை லொறிக்கு, கராஜ் அவளுக்கு.

“விறகை எரிக்கிறதில என்ன புதுசு?”

“எரிக்கிறேல்லையப்பா! காத்தை வேணுமெண்டே குறைச்சுக் குடுக்கிறது. அரைகுறையா எரிஞ்சால் வாயு வரும். அதில எஞ்சின் ஓடும்.”

“அரைகுறையெண்டால் உங்களுக்குச் சரிவரும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். “மூண்டு வகை இருக்கு. முதலாவதில கீழால காத்து போகும், மேலால வாயு வரும். கட்டுறது சுகம். ஆனா தாரும் சேர்ந்து வந்து எஞ்சினைக் கெடுத்துப்போடும். ரெண்டாவதில வாயுவைக் கீழ இழுக்கிறது. தணலுக்குள்ளால வரேக்க தார் உடைஞ்சுபோம். நான் கட்டப்போறது அதுதான்.”

“மூண்டாவது?”

“சுடுமணலுக்குள்ள கீழயிருந்து காத்தடிச்சு, மணலைக் கொதிக்க வைச்சு எரிக்கிறது. பெரிய தொழிற்சாலையளுக்கு.”

“கச்சான் வறுக்கிற மாதிரி.”

நான் பத்து நாள் வாசித்து விளங்கியதை அவள் மணலில் கடலை வறுக்கும் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.

நான் கட்டும் வகைக்கு ஈரமும் ஆகாது, தூளும் ஆகாது. காய்ந்த, ஒரே அளவான துண்டு வேண்டும். சிரட்டை! அதைச் சொன்னதும் அன்ரனெற்றின் முகம் கனிந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“தேங்காய் நான் வாங்கித் தாறன். திருவுறது நீங்கள். பூ எனக்கு, சிரட்டை உங்களுக்கு.”

சனிக்கிழமை தோறும் நாற்பது தேங்காய். ஜூலை முழுக்கத் திருவலையில் குந்தியிருந்து என் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது. இரவு ப்ரீசர் நிறையத் தேங்காய்ப்பூ இருக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

“பூவெல்லாம் எங்க போகுது?”

“சிரட்டைக்காரருக்கு ஏன் பூவின்ர கவலை?”

ஆகஸ்ட் வந்தது. அந்த வாயு நஞ்சு என்பதால், கட்டி முடித்த அடுப்பையும் ஜெனரேட்டரையும் கராஜுக்குள் வைக்காமல் பின்வளவில் பொருத்தினேன். சிரட்டை தணலானது. எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு ஓடியது. பல்ப் எரிந்தது! அன்ரனெற் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வெண்டிட்டீங்கள். கராஜ் உங்களுக்குத்தான்.”

அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் மாதர் சங்கத்து ஸ்டெபனி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“பஸ்ரியன் அண்ணை, கிழமைக்குக் கிழமை நீங்கள் திருவித் தாற பூவிலதான் கோயில் சாப்பாடே நடக்குது. மாதா திருநாளுக்கும் நீங்கள்தான் எண்டு அன்ரனெற் அக்கா பேர் குடுத்தவா. சுவாமி இண்டைக்குக் காலமைப் பூசையில, நீங்கள்தான் வரேல்லை, அறிவிச்சும் போட்டார். சனம் கை தட்டினது!”

கோயிலில் அந்தப் பூவில் செய்த சம்பலை நானே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்! ஸ்டெபனி போனதும் வெடித்தேன்.

“நீர் என்னைக் கேளாமல் என்னைத் தானம் பண்ணியிருக்கிறீர்!”

“பூ எனக்கெண்டு முதலே சொன்னனானெல்லோ?”

கோபத்தோடு போய் என் சொந்தக் கராஜின் கதவைத் திறந்தேன். நடுவில் புதுத் திருவலை. அதில் மெத்தையும் கட்டியிருந்தது.

அன்ரனெற் வாசலிலேயே நின்றுகொண்டாள். “உங்கட கராஜ், நான் உள்ள வரமாட்டன். நாளைக்கு நூறு தேங்காய் வருது, தனிய இருந்து திருவுங்கோ.”