மாடி அறை ஜன்னல் ஓட்டை குறித்து

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் ஐயா அவர்களுக்கு, மாடியில் பதினொரு வருடமாகக் குடியிருப்பவன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். கூரை நலமில்லை, அது தங்களுக்கே தெரியும்.

போன மாதக் கடிதத்தில், கடல் பக்கத்து அறையின் ஜன்னல் கதவுப் பலகையில் பட்டாணி அளவு ஓட்டை, சாரல் அடிக்கிறது, தச்சரை அனுப்புங்கள் என்று கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருந்தேன். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

நேற்றுக் காலை சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். இந்தத் தீவிலுள்ள பழைய கட்டடங்களையெல்லாம் பார்த்துப் பட்டியல் போடுகிறாராம். பட்டியலில் ஏறினால் நம்ம கட்டடம் தப்பிக்கும், ஏறாவிட்டால் இடித்துவிட்டு டூரிஸ்ட் பஸ் நிறுத்துவார்களாம். எனக்குக் கை கால் ஓடல. படிக்கட்டைக் காட்டினேன், "எல்லா வீட்லயும் இருக்கே"ன்னாங்க. தூணைக் காட்டினேன், கொட்டாவி விட்டாங்க. கடைசியா அந்த அறைக்குள்ள கூட்டிட்டுப் போறேன், பொசுக்குன்னு கரண்ட் போச்சு. ஜன்னலைத் திறக்கலாம்னா கொக்கி துருப்பிடிச்சு அசையல, அதுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கேன், நீங்க பார்த்திருப்பீங்க. நான் இருட்டுல தடவிக்கிட்டிருக்கேன், என் மனைவி "ஐயோ, சுவத்தைப் பாருங்க!"ன்னு கத்துறா.

ஐயா, எப்படிச் சொல்றது! சுவர் முழுக்கக் கடல். அதுவும் தலைகீழா! கடல் மேல, வானம் கீழ. சிவப்புக் கப்பல் ஒண்ணு கவிழ்ந்தபடியே, கொடியில கிடந்த என் சட்டைக்கு மேல மெதுவா ஊர்ந்து போகுது. பறவைங்க தரையோரமாப் பறக்குது. எல்லாம் அந்த ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் பண்ற வேலையாம். "கட்டினவங்க வேணும்னே வச்சிருக்காங்க, கப்பல் வர்றதை உள்ள இருந்தே பார்த்திருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டே அதிகாரி அம்மா என் கட்டில்லயே உட்கார்ந்துட்டாங்க.  பதினொரு வருஷமா அந்த அறையில லைட்டைப் போட்டே வச்சிருந்திருக்கோமே!

நாளைக்குக் காலை அவங்க மேலதிகாரி நேர்ல பார்க்க வர்றார். பார்த்துட்டார்னா அப்புறம் நம்ம கட்டடத்தை ஒருத்தரும் தொட முடியாது.

தங்கள் வீட்டார் அனைவரும் நீண்ட ஆயுளும் ஒழுகாத கூரையும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாடியில் குடியிருப்பவன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கிட்டு வந்தா, என் மனைவி கீழே தண்ணி பிடிக்கப் போன நேரமாப் பார்த்து நீங்க அனுப்பின தச்சர் வேலையை முடிச்சுட்டுக் கிளம்பிட்டிருக்கார். ஓட்டையை அடைச்சு, இழைச்சு, பெயின்ட்டும் அடிச்சுட்டார். எங்க இருந்துச்சுன்னு இப்ப அவருக்கே தெரியல. என் மனைவி பலகையை விரலால தடவித் தடவித் தேடிக்கிட்டிருக்கா. மேலதிகாரி வர்றது ஒன்பது மணிக்கு. பதினொரு வருஷத்துல நான் கேட்டு நீங்க செஞ்சு கொடுத்த முதல் வேலை இதுதான் ஐயா.