கேமராவில்தான் கோளாறு

"இது நான் இல்லை," என்றார் புரொபசர்.

கம்ப்யூட்டர் திரையில் கன்னம் உப்பிய ஒரு முகம் இடுங்கிய கண்களால் அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

"நீங்கதான் சார்," என்றான் ஒயரு. மருத்துவக் கல்லூரியில் மைக், ப்ரொஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. கழுத்தில் எந்நேரமும் ஒரு ஒயரை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர்.

"நான் இவ்வளவு குண்டாய்யா? உன் கேமராவுலதான் கோளாறு."

"இருக்கும் சார். பழைய கேமரா," என்று ஒயரு உடனே ஒத்துக்கொண்டான். டாக்டர்களிடம் வாதாடி ஜெயித்தவர்களை அவன் பார்த்ததில்லை.

வகுப்பறையில் நின்று பேசினால் புரொபசர் சிங்கம். வீடியோ, இன்டர்நெட் என்பதெல்லாம் அவருக்கு வேப்பங்காய். ஆனால் கல்லூரி முதல்வர் ஒரு முடிவோடு இருந்தார். ஏதோ ஒரு கம்பெனி கார்ட்டூன் பாடங்கள் விற்கிறதாம். அதில் இரைப்பை கைதட்டுமாம், கல்லீரல் கண்ணடிக்குமாம்.

"நீங்களும் ஒரு நோயாளியை வெச்சு வீடியோ எடுங்க டாக்டர்," என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். "நெட்ல போடுவோம். அதைப் பார்த்துட்டுப் பசங்கள்ல பாதிப் பேராவது நோயைக் கண்டுபிடிச்சா, வகுப்பு உங்களுக்கு. இல்லேன்னா கார்ட்டூனுக்கு."

"அப்ப நான்?"

"ஹாஸ்டல் மெஸ் கமிட்டி காலியா இருக்கு."

அன்றிலிருந்து புரொபசருக்குச் சோறு இறங்கவில்லை. பாடம் நடத்தாமல் அவரால் இருக்க முடியாது. வீட்டில் மனைவி தும்மினால்கூட, மூக்கின் உட்புறத்தை விளக்கி முடித்துவிட்டுத்தான் கைக்குட்டையைக் கொடுப்பார். அப்படிப்பட்டவரை உருளைக்கிழங்கு எண்ணச் சொன்னால்?

நோயாளியாக நடிக்க மச்சான் வந்திருந்தான். மனைவியின் தம்பி. நடிப்பு ஆசையில் ஊரிலுள்ள எல்லா நாடகக் குழுக்களின் கதவையும் தட்டி, எல்லாரும் கதவைச் சாத்திய பிறகும் மனம் தளராதவன். ஆள் ஊதினால் பறந்துவிடுவான்.

"அத்தான், சாகற சீன் உண்டா?"

"வெறும் அப்பெண்டிக்ஸ். முதல்ல தொப்புள்கிட்ட வலிக்கும். அப்புறம் வலது பக்கம் கீழே இறங்கும். நான் அமுக்கிட்டுக் கையை எடுக்கறப்ப கத்தணும்."

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தவா?"

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துடா!"

ஒயரு கேமராவை ஓடவிட்டான். புரொபசர் வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே மச்சான் "ஐயோ அம்மா, என் பிள்ளைகளை யார் பார்த்துப்பாங்க!" என்று அலறினான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"கட்!" என்றான் ஒயரு.

"உனக்கேதுடா பிள்ளைங்க?"

"கேரக்டருக்கு இருக்கு அத்தான்."

எப்படியோ ஒரு தடவை முழுசாக எடுத்து முடித்தார்கள். அதைப் போட்டுப் பார்த்தபோதுதான், இது நான் இல்லை என்று புரொபசர் சாதித்தார்.

"முகத்தை ஒல்லியாக்க ஒரு வழி இருக்கு சார்," என்று ஒயரு எதையோ தட்டினான். புரொபசரின் முகம் அழகாக இளைத்தது. கூடவே மச்சானும் இளைத்தான். ஏற்கெனவே இல்லாத வயிறு இப்போது சுத்தமாகக் காணாமல் போய், நெஞ்சுக்குக் கீழே நேராகக் கால் தொடங்கியது.

"அப்பெண்டிக்ஸ் எங்கேய்யா?"

"அதுவும் இளைச்சுடுச்சு சார்."

"சரி, அதை விடு. என் குரல் ஏன் தகர டப்பாவை உருட்டற மாதிரி கேக்குது?"

"மைக் சார். கரகரப்பை எடுத்துடறேன்." இன்னொரு பட்டனைத் தட்டினான். புரொபசர் சின்னக் குழந்தையின் குரலில், "இங்கே அமுக்கினால் வலிக்கிறதா?" என்று மழலை பேசினார். மச்சானின் அலறல் பூனைக்குட்டி கத்துவது போல வந்தது. மச்சான் மனம் நொந்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"உசிரைக் கொடுத்து நடிச்சிருக்கேன் அத்தான்!"

"எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி எடு," என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார் புரொபசர். "அதுக்கு முன்னாடி அந்த ஏசியை நிறுத்து. ஐஸ் பெட்டிக்குள்ள நின்னு பாடம் நடத்தற மாதிரி இருக்கு."

ஏசி நின்றது. ஜன்னல்களைச் சத்தம் வரக்கூடாதென்று ஏற்கெனவே அடைத்திருந்தார்கள். பெரிய விளக்குகள் மேலிருந்து கொளுத்தின. மச்சானின் முதுகோடு படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டது. ஒயரு சட்டையைப் பிழிந்து உதறினான். புரொபசர் மட்டும் ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். படித்தவர்களுக்கு வியர்க்காது போலிருக்கிறது என்று ஒயரு வியந்தான்.

"மாணவர்களே," என்று தொடங்கினார் புரொபசர். "இந்த நோயாளிக்கு... இது... குடல் ஓரமா இருக்குமே... வால் மாதிரி..."

"குடல்வால் அத்தான்," என்றான் நோயாளி.

"பேஷண்ட் பேசக் கூடாது! வெளிச்சம் கண்ணைக் கூசினா எப்படிய்யா வார்த்தை வரும்?"

ஒரு வழியாக அதுவும் முடிந்தது. போட்டுப் பார்த்தார்கள். திரையில் புரொபசர் கையைத் தூக்கி, யோசித்து, நிதானமாக மச்சானின் வயிற்றுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், ஒயரு போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்துவிட்டான்.

"படம் ஊர்ந்து போகுது. நெட் ஸ்லோ," என்று தீர்ப்புச் சொன்னார் புரொபசர்.

"இன்னும் நெட்லயே போடலியே சார்."

"போடறதுக்கு முன்னாடியே இவ்வளவு ஸ்லோன்னா, போட்ட பிறகு என்ன ஆகும்னு பார்த்துக்கோ!"

ஒயரு வேகத்தைக் கூட்டினான். புரொபசர் இப்போது சாதாரண மனிதராக நடமாடினார். ஆனால் மச்சான் கட்டிலில் வாணலியில் போட்ட கடுகாகத் துள்ளினான். அவன் வலியில் துடிக்கிறானா, நடனம் ஆடுகிறானா என்று யாராலும் சொல்ல முடியாது.

"குறை, குறை!" என்று புரொபசர் பதறினார்.

ஒயரு குறைப்பதற்குள் கம்ப்யூட்டர் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. தொட்டால் தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு.

"ஏசியை நிறுத்தினதால வெந்துபோச்சு சார். இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. கேமராவுல இருக்கறதை எடுத்த மேனிக்கு அப்படியே அனுப்பலாம். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

புரொபசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அனுப்பு. மெஸ்ல உருளைக்கிழங்கு எனக்காகக் காத்துட்டு இருக்கு."

'வீடியோவைக் கவனமாகப் பார்த்து, நோயைக் கண்டுபிடித்து எழுதுக' என்ற கேள்வியோடு அது மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிவு வந்த அன்று முதல்வர் அறைக்குள் புரொபசர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நுழைந்தார். பதில்களை எல்லாம் தொகுத்துக் கொண்டுவந்திருந்த வகுப்புத் தலைவி ஓரமாக நின்றிருந்தாள்.

"டாக்டர்," என்றார் முதல்வர், "அப்பெண்டிக்ஸ்னு ஒருத்தர்கூட எழுதலை."

"ஒருத்தர்கூடவா?"

"எல்லாரும் ஒரே பதில். தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைஞ்சிருக்காம்."

"தைராய்டா! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருள்றவனுக்குத் தைராய்டா?"

"காரணமும் எழுதியிருக்காங்க. முகம் ஊதியிருக்கு, குரல் கரகரப்பு, எல்லாமே மந்தம், மறதி..."

"அநியாயம் மேடம்! என் மச்சானுக்கு முகம்னு ஒண்ணு இருக்கறதே பக்கத்துல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். அவன் கத்தினா நாலு தெருவுக்குக் கேக்கும். மந்தமாம்! கட்டிலோட சேர்த்துக் கட்டிப்போட வேண்டியிருந்தது!"

முதல்வர் உதட்டைப் பிதுக்கினார். கார்ட்டூன் கம்பெனியின் விளம்பரத்தாள் மேஜைமேல் தயாராக இருந்தது. அதில் ஒரு சிறுநீரகம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னது. புரொபசர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். தோற்றதுகூடப் பெரிதில்லை, தன்னிடம் படித்த பிள்ளைகளா இப்படி எழுதினார்கள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வகுப்புத் தலைவியிடம் திரும்பினார். "ஏம்மா, வகுப்புக்கு வகுப்பு நான் என்ன சொல்லுவேன்?"

"ரூமுக்குள்ள போனா கத்தறவரை மட்டும் பார்க்காதே, அங்க இருக்கற எல்லாரையும் பாருன்னு சொல்லுவீங்க சார்."

"அப்புறம் ஏம்மா இப்படி?"

அவள் தயங்கினாள். முதல்வரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அப்படித்தான் சார் பார்த்தோம். படுத்திருந்தவருக்கு ஒண்ணுமே இல்ல, நடிக்கறாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நாங்க எழுதினது ஸ்வெட்டர் போட்டிருந்தவருக்கு."