பிளக்கைக் கழற்றும் சேர்வர் காக்கா

கல்முனையில் கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் சேர்வர் காக்காதான். ஊரே முணுமுணுக்கும்போது அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இப்ப தெரியும், ஆரு எழும்புற, ஆரு படுக்குற எண்டு" என்பார்.

கணினி, சேர்வர் திருத்துவது அவர் தொழில்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். நான் நடத்தும் கலியாணக் கார்ட் அச்சகத்தின் பழைய கணினி சாகக் கிடந்தபோது அவரிடம் போனேன். கார்ட் அமைக்கும் மென்பொருள் அந்தக் காலத்து விண்டோஸில் மட்டுமே ஓடும். அது போனால் கடைக்குப் பூட்டுத்தான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

"பழசை அப்படியே புதுசுக்குள்ள குடிவெப்பம்" என்றார். ஒரு கணினிக்குள் இன்னொன்றை நடத்தும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவாம்.

"அப்ப ஒண்டப் போடுங்களன் காக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டி வெச்சிரிக்கி. சும்மா வாறான் எண்டு ஆரையும் மாப்புளையா ஏத்துவியா? விசாரிக்கணும்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் அவர் தெரிவுசெய்த மூன்று மென்பொருள்களும் அன்றிலிருந்து மூத்த மாப்பிள்ளை, நடு மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை ஆயின. என் பழைய விண்டோஸை முழுதாகப் பிரதியெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முதலில் தன் வீட்டுப் பழைய கணினிப் பெட்டியிலும், பிறகு என் கடைப் புதுக் கணினியிலும் குடிவைத்துப் பார்த்தார்.

வீட்டுப் பெட்டி இருந்தது அவர் மனைவியின் தையல் மெசின் மேல். "என்னப் பாக்க வந்த நேரம் இவரு ஒரு தேத்தண்ணிதான் குடிச்சாரு தம்பி. இதுகளுக்கு மாசக்கணக்கா விசாரிக்காரு" என்றார் அந்த ராத்தா.

மூத்த மாப்பிள்ளை, காக்கா வீட்டுப் பெட்டியின் நெட்வேர்க் கார்ட்டைத் தெரியவே தெரியாது என்றது.

"பெரிய எடத்துப் பொடியன். நம்மட பாய்ல இரிக்கமாட்டான்" என்றார் காக்கா.

நடு மாப்பிள்ளை இரண்டு இடத்திலும் அழகாக ஓடியது. நான் நிம்மதியாக மூச்சு விட்ட நேரம், காக்கா சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினார்.

"என்ன காக்கா செய்யிறீங்க?"

"கரண்ட் போகாத ஊருக்கா தம்பி நாம மாப்புள எடுக்குற?"

மீண்டும் மாட்டினார். கணினி எழும்பியது, உள்ளே குடியிருந்த விண்டோஸ் எழும்பவில்லை. தானாக எழும்ப அதற்குத் தனியாகக் கட்டளை எழுத வேண்டுமாம்.

"சுபஹுத் தொழுகைக்கு ஆள் போய்க் கதவுல தட்டி எழுப்புற மாப்புள நமக்குச் சரிவராது."

ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற இளைய மாப்பிள்ளையின் முறை வந்தபோது கடையில் கார்ட் ஓடர்கள் குவிந்திருந்தன. அன்று காலை பழைய கணினி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. "போதும் காக்கா, இதையே வெப்பம்" என்று சொல்லத் தோன்றியது. அவர் பிளக்கைக் கழற்றினார். மாட்டினார். கறுப்புத் திரையில் ஏதேதோ ஓடியது. பிறகு, நான் ஒன்றும் தொடாமலே, என் பழைய விண்டோஸ் அதே ரோசாப்பூப் படத்தோடு வந்து நின்றது.

"இவன்தான்" என்றார் காக்கா.

அதன் பிறகு காக்காவின் மகளைப் பார்க்க மெய்யான மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் மனுசன் நைசாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். பொடியன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணித் தட்டோடு நின்ற ராத்தாவுக்கு வழி காட்டினான். "முடிச்சிருவம்" என்ற காக்காவின் குரல் இருட்டிலிருந்து வந்தது. அந்தக் கலியாணக் கார்ட்டும் என் கடையில்தான் அடித்தது.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காக்கா கடைக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். போன வெள்ளி காய்ச்சல், வரவில்லை. கடை வெறிச்சென்று இருந்தது. நானே கழற்றி மாட்டிவிட்டு அவருக்குக் கோல் எடுத்தேன்.

"எழும்பிட்டானா?"

"ஓம் காக்கா, எழும்பிட்டான். நீங்க எப்ப எழும்புற?"