யாருக்கும் சொந்தமில்லாத பள்ளம்

எங்கள் காலத்துத் திண்டிவனத்தில் அரசு ஊழியர்கள் இரண்டுக்குத்தான் பயந்தார்கள். ஒன்று, டிரான்ஸ்ஃபர். இன்னொன்று, சிவப்பு மை டீச்சர். டிரான்ஸ்ஃபரையாவது ஆளைப் பிடித்து ரத்து செய்துவிடலாம்.

ரிட்டயரான தமிழ் டீச்சர். தனி ஆள். ஞாயிறு காலை கோயில் பூசை, மற்ற நாட்களில் ஏதாவது ஓர் ஆபீஸ். தெருவில் விளக்கு எரியவில்லை என்று மனுப் போடுவார். பதில் வரும். அதில் 'பரிசீலனை'க்குக் குறில் போட்டிருந்தால் போச்சு. சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு இரண்டு மார்க் போட்டு, 'திருத்தி எழுதி வரவும்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு கிளார்க், பாவம், நிஜமாகவே திருத்தி எழுதி நேரில் கொண்டுவந்து காட்டினார். ஆறு மார்க் கிடைத்தது. விளக்கும் எரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெரு முனையில் யாரோ குறுக்கே பள்ளம் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். குழாய்க்கா, ஒயருக்கா, தெரியாது. இரண்டு மாதமாகியும் மூட ஆள் வரவில்லை. மழை பெய்து தவளை குடியேறியது. ஆட்டோ உள்ளே வராது. என் மனைவிக்கோ ஒன்பதாம் மாதம். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

டீச்சர் என் மனைவியைக் கைத்தாங்கலாகப் பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகை வழியே கடத்தி, முதலில் முனிசிபல் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். பின்னால் நான்.

"இந்தப் பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு. வலி வந்தா நீங்க வந்து தூக்கிக்கினு போறீங்களா?"

"அது எங்க பள்ளம் இல்லீங்களே டீச்சர்" என்றார் அதிகாரி.

"அப்டியா? அதையே எழுதிக் குடுங்க."

சனியன் விட்டது என்று அவர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆபீஸிலும் அதே பதில், அதே கடிதம். மூன்றாவதிலும் அப்படியே. எனக்கு அழுகை வந்தது.

"இன்னும் எத்தனை ஆபீஸுங்க டீச்சர்?"

"போதும். யாருக்கும் சொந்தமில்லன்னு மூணு பேரு சீல் குத்திக் குடுத்துட்டாங்க. இனி அது நம்ம பள்ளம்."

மறுநாள் காலை, தெரு மொத்தமும் மண்வெட்டியோடு நின்றது. வெட்டிய மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. டீச்சர் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். "அங்க என்ன பேச்சு? ஜல்தி தள்ளு!" பேரன் எடுத்த பெரியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு தள்ளினார்கள். மத்தியானத்துக்குள் ரோடு சமமாகிவிட்டது.

அதற்கு மறுநாள் ஒரு ஜீப் வந்தது. "யாரைக் கேட்டு எங்க பள்ளத்த மூடினீங்க?" என்று முதல் அதிகாரியே இறங்கினார். டீச்சர் அவர் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து, "சத்தமா வாசிங்க" என்றார். மனிதர் நின்று வாசித்தார். ஜீப் ரிவர்ஸிலேயே போனது.

நான்காம் நாள் வலி வந்தது. ஆட்டோ வாசல்வரை வந்து நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கால் மணியில் பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ரெண்டு உசுருக்கும் கஷ்டம் என்றார் டாக்டரம்மா.

பிறகு நாங்கள் விழுப்புரத்துக்குக் குடிவந்துவிட்டோம். மகள் காலேஜ் போகிறாள். அவள் பிறந்தநாளன்று முதல் போன் டீச்சருக்குத்தான். ஒவ்வொரு வருடமும் நன்றி சொல்ல நினைத்துத்தான் போனை வாங்குகிறேன். "நல்லா கீறியா கண்ணு?" என்று அந்தக் குரல் கேட்டதும், "ம்" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வருவதில்லை.